அப்பாவின் முதுகில் ஒன்றுமில்லை

அன்புள்ள வாண்டுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள், எழுத்து கோணலாக இருந்தால் அது தூக்கத்தின் வேலை. உன் தங்கை இப்போதுதான் தூங்கினாள். அப்பா அவளுக்கும் முன்னாலேயே தூங்கிவிட்டார், குறட்டை சமையலறை வரைக்கும் கேட்கிறது, புருஷன் குறட்டையைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற ஒரே பெண்டாட்டி இந்தக் கட்டடத்தில் நானாகத்தான் இருப்பேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம். வழக்கத்துக்காக எழுதுகிற நன்றாக இல்லை, நிஜமாகவே நன்றாக. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல், தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் அப்பா பேச்சை எடுத்தாலே உன் போனில் சார்ஜ் தீர்ந்துபோகிறது. கடிதத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது பார்.

போன விடுமுறையில் நீ பார்த்துவிட்டுப் போன அப்பா இல்லை இப்போது. உன் படிப்புக்கென்று ஒதுக்கி வைத்த பணமும் அந்தப் பாழாய்ப்போன போன் சூதாட்டத்தில் போய்விட்டது என்று தெரிந்ததும், ஒரு வார்த்தை திட்டாமல் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போனாயே, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அதற்கப்புறம்தான் அவராகவே என்னிடம் வந்து, என்னால தனியா நிறுத்த முடியல, எங்கேயாவது கூட்டிட்டுப் போ என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போக ஆரம்பித்தோம், அது உனக்கும் தெரியும், ஆனால் அங்கே என்ன செய்கிறார்கள் என்று நீ கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. டாக்டரம்மாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். முதல் நாளே, இது நோய், கெட்ட புத்தி இல்லை, ஆனா நோய்ங்கறதால நீங்க செஞ்சதுக்குப் பொறுப்பு இல்லைன்னு ஆகிடாது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் புள்ளியியல் படித்தவள், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசிப் பரீட்சை எழுதினவள், எத்தனை நாள் தாள் எடுத்துக் கணக்குப் போட்டு, இதில் ஜெயிக்கவே முடியாது என்று காட்டியிருப்பேன். ஆமா ஆமா என்று தலையாட்டிவிட்டு அதே தாளில் டம்ளரை வைத்துவிட்டு விளையாடப் போவார். அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, விட்டதைப் பிடித்துவிடலாம் என்கிற அந்தப் பேச்சு மண்டைக்குள் ஓயாது, அந்தப் பேச்சுதான் நோய், அது கேட்கும்போது என்ன செய்யவேண்டும் என்று வாராவாரம் பழக்குகிறார்கள். ஆசை பால் மாதிரி பொங்கி வரும், கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் தானாக அடங்கும், அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான் பாடம். இப்போது அவரிடம் பட்டன் போன்தான். சம்பளம் என் கணக்குக்கு வருகிறது. நடுவில் ஒரு தடவை சறுக்கினார், யாரிடமோ போன் வாங்கி ஆடிவிட்டு வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார், எல்லாம் போச்சு என்று நான் அழுதேன், டாக்டரம்மாவோ, சறுக்கினதைத் தானா வந்து சொன்னாரே, அதுதாங்க மருந்து வேலை செய்யறதுக்கு அடையாளம் என்றார். எனக்கும் கொஞ்சம் வைத்தியம் நடந்தது. நான் அப்பாவின் சட்டைப் பையைத் துழாவுகிறேன் என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்ததும், பணத்தை நீங்க வச்சுக்கங்க, போலீஸ் வேலையை விட்டுடுங்க என்றார்.

இனி முதுகு விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் எலும்புப் பிரிவும் ஒரே தாழ்வாரத்தில் இருக்கின்றன. ஒருநாள் அந்த மர பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்து மரத்துப்போய் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க, எதிரே கீழ்வீட்டுத் தையல்கார அக்கா வந்துவிட்டாள். ஐயோ தம்பி முதுகா என்றாள், ஆமாக்கா என்று இவர் வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் முதுகுவலி வந்து சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு பெல்ட், ஆளுக்கொரு வைத்தியம், தரையில் படு என்று ஒருவர், தரையில் மட்டும் படுக்காதே என்று இன்னொருவர். மாடி வீட்டுப் பெரியவர் நம் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறுவார், உன் அப்பா பின்னால் வெறுங்கையோடு கூனிக்கொண்டு வருவார், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்போம். முதுகுவலி என்றால் பெல்ட் தருகிறார்கள், சூதாட்டம் என்றால் என்ன தருவார்கள் என்று பயம்.

பேச்சு கடைக்கும் போய்விட்டது. அப்பா பெயிண்ட் கலக்கும் மெஷினில்தானே நிற்கிறார், டின் தூக்க வேண்டிய வேலை, முதலாளி அதை உடனே நிறுத்திவிட்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன வாரம் எனக்கே போன் செய்து, தங்கச்சி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க, நாளைக்கு அவரே பார்த்து அசந்து போகட்டும், இனிமே நிக்க வேண்டாம் தூக்க வேண்டாம், கல்லாவுல உட்காரட்டும், சம்பளமும் கூடும், முதுகுக்குன்னே ஒரு நாற்காலி வாங்கியிருக்கேன் என்றார். நன்றிண்ணா என்று சொல்லிவிட்டேன், வேறு என்ன சொல்ல. போனை வைத்ததும்தான் உறைத்தது. நாள் முழுக்கப் பணத்தில் கை வைக்கிற வேலைக்கு இப்போதைக்குப் போகவே வேண்டாம் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பாலுக்குப் பூனை காவல் என்பார்களே, இங்கே பூனையே பாவம். வேண்டாம் என்றால் முதலாளி ஏன் என்பார், ஏன் என்று சொன்னால் வேலையே போகலாம். எனக்குள்ளேயே ஒரு குரல், சம்பளம் கூடுதே, வாயை மூடிக்கொண்டு இரு என்றது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. அப்பா வந்ததும் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம், அந்த நாற்காலியில உட்கார வச்சா ஒரு வாரம் நான் நல்லவனா இருப்பேன், அடுத்த வாரத்துக்கு என்னால சொல்ல முடியாது என்றார். காலையில், நீயும் வா, நான் பாதியில பேச்சை மாத்தினா கிள்ளு என்றார்.

முதலாளியின் கண்ணாடி அறையில் அந்த நாற்காலி பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. அப்பா அதைத் தொடவேயில்லை. எனக்கு முதுகில ஒண்ணுமில்ல முதலாளி என்றார். அப்புறம் எதுக்கு வாராவாரம் ஆஸ்பத்திரி என்று அவர் கேட்க, சூதாட்டத்துக்கு, விட முடியல, வைத்தியம் பார்க்கறேன் என்றார். முதலாளி முகம் மாறியதைப் பார்க்கவேண்டுமே. என் கல்லாவுல கை வச்சிருக்கியா என்றுதான் முதலில் கேட்டார். இல்ல முதலாளி, வைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன் என்றார் உன் அப்பா. நான் கிள்ளவேண்டிய தேவையே வரவில்லை. முதலாளி, வெளியே நில்லுங்க என்றுவிட்டார். மெஷின் பக்கத்தில் போய் நின்றோம், போச்சு வேலை என்று நான் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துண்டைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்று நின்றாள். அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கலந்து, ஒரு அட்டையில் தடவிக் காயவைத்துக் காட்டினார். பில்லுக்கான பணத்தை அவள் அவர் கையில் நீட்ட, கல்லாவுல கொடுங்கம்மா என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முதலாளி கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வெளியே வந்து, இத்தனை நாளா ஒரு டின் தூக்காம என்னை ஏமாத்தினேல்ல, முதல்ல அதையெல்லாம் எடுத்து மேல அடுக்குடா என்று கத்தினார். கடையே சிரித்தது, எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெஷின்லயே நில்லு, ஆஸ்பத்திரிக்குப் போற நாளுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டேன், ஆனா நம்பிக்கை வர நாளாகும்னு தெரிஞ்சுக்கோ என்றார். நியாயம்தானே. நாற்காலியில் இப்போது அவரே உட்காருகிறார், உட்கார்ந்ததிலிருந்து அவருக்குத்தான் முதுகு வலிக்கிறதாம்.

இதைவிடப் பெரிய விஷயம் இரண்டு நாள் கழித்து நடந்தது. அதற்குள் கடையில் எல்லோருக்கும் சங்கதி தெரிந்துவிட்டிருந்தது, கடையின் வேன் டிரைவர் தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். வெகுநேரம் விலைவாசி பேசிவிட்டு, எழுந்து போகும்போது வாசலில் நின்று, எனக்கும் உங்க முதுகுவலிதாண்ணே என்றார். அந்தப் பெண் முகத்தில் நான் என்னையே பார்த்தேன். நேற்று அவர்களை நான்தான் அழைத்துப் போய் அந்த அறையைக் காட்டினேன். டாக்டரம்மாவும் ஒருநாள் காலையில் கடைக்கே வந்து எல்லோரிடமும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார், பக்கத்துக் கடைக்காரர்களும் வருகிறார்களாம். மறுபடி வரவே வராது என்று அவர் எனக்கு உத்தரவாதம் எதுவும் கொடுக்கவில்லை, நானும் கேட்பதை விட்டுவிட்டேன். மறைக்க ஒன்றுமில்லாத வீட்டில் மூச்சு விடுவது எவ்வளவு சுலபம் தெரியுமா.

உன் விடுதியிலும் மேட்ச் மேட்சாகப் பந்தயம் கட்டுகிற பிள்ளைகள் இருப்பார்கள். முதல் தடவை ஜெயித்தவனைத்தான் அது விடாது, ஜாக்கிரதை. நீயே ஆடியிருந்தாலும் திட்டமாட்டேன், என்னிடம் சொல், மறைக்காதே. தூரத்தில் இருந்தாலும் உன் மனசும் உடம்பும் குறையில்லாமல் இருக்கட்டும், நினைத்த படிப்பு கைகூடட்டும். அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டிவிட்டாயா, தள்ளிப்போடாதே. கடைசியாக ஒன்று. கீழ்வீட்டு அக்காவிடமும் மாடி வீட்டுப் பெரியவரிடமும்கூட அப்பா தானே போய்ச் சொல்லிவிட்டார். உன்னிடம் மட்டும்தான் இன்னும் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புன்னு கேட்டு அவனை நெருக்க மாட்டேன், ஒரு கடிதம் எழுதட்டுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு என்றார். அவரை மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை, அது உன் மனசு. எழுதலாமா வேண்டாமா என்று மட்டும் சொல், வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, அதையும் நீயே சொல். சீக்கிரம் பதில் போடு கண்ணா.

பிரியமுடன்
உன் அம்மா