கடலைப் பார்க்கும் வில்லன்

2005 ஆவணி, வியாழன். வாகரை.

அக்காவின் புது வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. கண்ணூறு படாமலிருக்க எல்லோரும் பொம்மை கட்டுவார்கள். அக்கா ஒரு படத்தை முன்சுவரில் அடித்து வைத்திருக்கிறாள். நிவாரணப் பெட்டியில் வந்த இங்கிலீஷ் சித்திரக்கதையின் அட்டை அது. பச்சை முகம், மூன்று கொம்பு, நெருப்புக் கண்.

இன்று அந்தக் கதையை வாசித்தேன். எரிச்சல்தான் வந்தது. ஓர் உலகம் போதாமல், இருக்கிற எல்லா உலகங்களையும் அழிக்கப் புறப்பட்ட வில்லன் அவன். காவலுக்கு வைக்கிற ஆளா?

"அக்கா, இவன் கூடாதவன். கழட்டுவம்."

"என்ன செஞ்சவன்?"

"எல்லாத்தையும் அழிச்சவன். மலை, கடல், நட்சத்திரம், ஒண்டும் மிச்சமில்ல."

அக்கா சீமெந்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "கடலையுமா?"

"ஓம்."

"அப்ப இரிக்கட்டும் தம்பி."

கடல் கொண்டுபோன அத்தானையும் சின்ன மகளையும் பற்றி அவள் பேசுவதில்லை. சுத்தியலை எடுத்து என் கையில் தந்தாள். படம் தெருவைப் பார்த்திருந்தது. கழற்றிக்கொண்டுபோய்ப் பின்சுவரில், கடலைப் பார்க்க அடித்துவிட்டு வந்தேன்.

வெறும் அட்டை. மாரி மழைக்குத் தாங்காது. பொலித்தீன் சுற்ற வேண்டும்.