பெயரை மறைத்த நகல்

தஞ்சோங் பகார், சிங்கப்பூர்
6 பிப்ரவரி 1983

அன்புள்ள சூசையண்ணனுக்கு,

உர்சுலா எழுதுவது. நானும் பிரிஜட்டும் சுகம். பட்டர்வொர்த்தில் அன்னம்மா அண்ணியும் பிள்ளைகளும் சுகந்தானே? கிறிஸ்துமசுக்கு நீங்கள் அனுப்பிய ஜாதிக்காய் ஊறுகாயைப் பிரிஜட் ஒருத்தியே தின்று தீர்த்துவிட்டாள். ஆனால் இந்தத் தடவை அதோடு ஒரு வரி வாழ்த்துகூட இல்லை. எழுதக் கை வலிக்கிறதோ?

பிரிஜட்டுக்கு வரன் முடிவாகியிருக்கிறது. மே மாதம் கல்யாணம். நீங்கள் அவளுடைய ஞானத்தகப்பன் என்பதால் முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்.

அடுத்தது நீங்கள் விரும்பாத சேதி. "பொண்ணோட அப்பா ஜெயிலுக்குப் போனவராமே?" என்று மாப்பிள்ளையின் அம்மா அல்போன்சம்மாள் என் முகத்துக்கு நேரே கேட்டாள். ஒன்பது வருஷமாகக் கேட்கிற கேள்விதான். இந்தத் தடவை ரத்தம் கொதித்துவிட்டது. லாசரஸ் துறைமுகக் கிட்டங்கியில் சிகரெட் பெட்டி திருடினார், கட்டிலுக்கடியில் பாருங்கள் என்று 74-ல் எவனோ போலீசுக்குக் கடிதம் போட்டானே, அதன் நகலைக் கேட்டுப் போலீஸ் பதிவேட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடப் போகிறேன்.

பதினெட்டு மாதம் ஜெயில். வெளியே வந்து நாலு மாதத்தில் சாவு. எழுதியவனைப் பழிவாங்காமல் நான் கண்ணை மூடமாட்டேன். கணக்கெழுதும் கிராணி பாலகிருஷ்ணன்தான் என்று, லாசரசோடு கிட்டங்கியில் வேலை பார்த்த நீங்கள்தானே அன்றைக்குச் சொன்னீர்கள்? இன்னும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?

அன்புத் தங்கை,
உர்சுலா


சே. ம. சூ.

பட்டர்வொர்த்
15 பிப்ரவரி 1983

அன்புத் தங்கச்சி உர்சுலாவுக்கு ஆண்டவரின் ஆசீர் உண்டாவதாக.

பிரிஜட் கல்யாணச் சேதி படித்து அன்னம்மா அழுதேவிட்டாள். குழந்தைக்குச் சங்கிலி போடுவது என் கடமை.

மற்றது வேண்டாம் அம்மா. லாசரசை நிம்மதியாகத் தூங்க விடு. கல்யாணத்தை வைத்துக்கொண்டு போலீஸ் படி ஏறினால் ஊர் என்ன பேசும்? துப்புக் கொடுத்தவன் பெயரை அவர்கள் தரவே மாட்டார்கள். கடிதத்தை அப்படியே தருவார்களா, டைப் அடித்துத் தருவார்களா? சும்மா கேட்கிறேன்.

பாலகிருஷ்ணன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவனை மன்னித்துவிடு.

ஜெபத்தில் நினைக்கும் அண்ணன்,
சூசைநாதன்


தஞ்சோங் பகார்
27 பிப்ரவரி 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்காமல் போய்விட்டேன். கோபிக்காதீர்கள். கோயிலில் வாங்கிய கல்யாணச் சான்று, மரணச் சான்று எல்லாம் கொடுத்து ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் பழி என்று எழுத முடியுமா? குடும்பத் தேவை என்று எழுதினேன். கவுண்டரில் ரபியா என்று ஒரு பெண். "பேரை மறைச்சுத்தான் குடுப்போம் ஆன்ட்டி, எல்லாருக்கும் அப்படித்தான் லா" என்றாள். மற்றதையும் டைப் அடித்துத்தான் தருவார்களாம்.

அதை வைத்து நான் என்ன செய்வது? அதனால் பாலகிருஷ்ணனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். லாசரஸ் சாவுக்கு வந்த அவன் பெண்டாட்டி கமலாவை நான் வாசற்படி ஏறவிடவில்லை. அது போதாது. அவன் தலை குனிய வேண்டும்.

அன்புத் தங்கை,
உர்சுலா


சே. ம. சூ.

பட்டர்வொர்த்
9 மார்ச் 1983

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கேட்டபடி எழுதுகிறேன். 1974 மார்ச் மாதம் கிட்டங்கி ஆபீசில் கிராணி பாலகிருஷ்ணன், லாசரஸ் மேல் போலீசுக்குக் கடிதம் எழுதியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இது சத்தியம்.

இதை உன்னோடு வைத்துக்கொள். கோர்ட்டு, வக்கீல் என்று போகாதே.

அண்ணன்,
சூசைநாதன்


தஞ்சோங் பகார்
20 மார்ச் 1983

சூசைநாதனுக்கு,

நகல் என் கைக்கு வந்தது ஜனவரி 11-ஆம் தேதி. நான் உமக்கு முதல் கடிதம் எழுதும்போதே அது என் அலமாரியில் இருந்தது. டைப் அடித்ததும் அல்ல. எழுதியவன் கைப்படவே இருந்தது. பெயர் இருந்த இடத்தில் மட்டும் தாள் வைத்து மறைத்திருந்தார்கள். உச்சியில் சேசு, மரி, சூசை என்று மூன்று எழுத்தும் பளிச்சென்று இருந்தன. பாலகிருஷ்ணன் எழுதினால் பிள்ளையார் சுழி போடுவார். காட்டிக்கொடுக்க உட்காரும்போதும் திருக்குடும்பத்தைத் துணைக்குக் கூப்பிட்டவர் நீர். கீழே இருந்த எழுத்தும், வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் நான் பார்க்கிற அதே எழுத்து.

ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலை, லாசரசுக்கு வரவேண்டியது, உமக்குக் கிடைத்தது. அதற்காக, ஞாயிறுதோறும் என் கையால் சோறு தின்ற வீட்டில் கட்டிலுக்கடியில் திருட்டுப் பெட்டியைத் தள்ளினீர்.

ஒன்றும் தெரியாதவள்போல் ஏன் எழுதினேன் என்று கேட்பீர். உம் கைப்பட ஒரு பொய் எனக்கு வேண்டியிருந்தது. சத்தியம் செய்தே கொடுத்துவிட்டீர்.

நேற்றுப் பாலகிருஷ்ணன் வீட்டுக்குப் போய்க் கமலாவின் காலில் விழுந்தேன். அவள் என்னைத் தூக்கி உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். என்னால் குடிக்க முடியவில்லை. ஒன்பது வருஷம் ஒரு நல்ல மனுஷரைக் கரித்துக்கொட்ட வைத்தீரே, அதற்கும் சேர்த்துத்தான் இது.

ஏப்ரல் 12-க்குள் இங்கே வந்து, கடிதம் எழுதியதும் பெட்டியை வைத்ததும் நான்தான் என்று போலீசில் வாக்குமூலம் கொடும். அதுவரை காகிதங்கள் என்னிடம் இருக்கும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் மன்னிப்பார். அது அவர் வேலை, என் வேலை அல்ல.

உர்சுலா


சிராங்கூன் ரோடு
11 ஏப்ரல் 1983

உர்சுலா,

சொன்னபடி செய்துவிட்டேன். மூன்று மணி நேரம் விசாரித்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே ஒரு விடுதியில் தங்கியிருக்கிறேன். சுவா சூ காங்கில் லாசரஸ் கல்லறைக்குப் போனேன். அங்கே நிற்க முடியாமல் உடனே திரும்பிவிட்டேன்.

அன்னம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. வேலை விஷயமாக வந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் இருதய நோய்க்காரி. அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். இனி என்னிடம் வேறு எதுவும் இல்லை. பிரிஜட்டை ஒரு தடவை பார்க்க வரட்டுமா? மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

சூசைநாதன்


தஞ்சோங் பகார்
14 ஏப்ரல் 1983

சூசைநாதனுக்கு,

வர வேண்டாம். பிரிஜட் உம் கடிதத்தைத் தொடவும் இல்லை.

நீர் சொன்னதை நம்பாமல், உம் வாக்குமூலத்துக்கும் ஒரு நகல் கேட்டு நேற்று விண்ணப்பம் போட்டேன். வந்ததும் அல்போன்சம்மாளுக்கு நானே படித்துக் காட்டுவேன்.

லாசரசைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு எனக்கும் யாரும் பக்குவமாக எடுத்துச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து சொன்னாள். வக்கீலிடமோ சாமியாரிடமோ நான் போகவில்லை. அந்த நகலையும் நீர் சத்தியம் செய்த கடிதத்தையும் உம் வீட்டு விலாசம் ஒன்றுக்குத்தான் அனுப்பினேன். அண்ணிக்கு இன்று காலைத் தபாலில் போட்டாகிவிட்டது.

லாசரஸ் மனைவி,
உர்சுலா