கொல்லையில் கிடந்த நீல மண்

போர்ட் ஆர்டன்,
நியூசிலாந்து.
அக்டோபர் 21, 1996

அன்புள்ள ரேவினுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாட்டமாகத்தான் இருக்கிறோம். பெர்த்தில் நீயும் டோபிக்குட்டியும் சுகமென்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லிவிடலாமென்று இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன், வாய் வரவில்லை.

போன மாதம் அப்பா வேலை பார்த்த, நிலக்கரியைச் சுட்டு கேஸ் எடுத்த பழைய ஆலையின் ஆட்களை நூலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆலை இருந்த இடத்தில் பூங்கா வருகிறதாம், அதற்கு முன்னால் அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, பொத்தான் பூட்ட முடியாத கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். உலைச் சூடு, குளித்தாலும் போகாத தார் நாற்றம், கக்குவான் இருமல் பிள்ளைகளை அந்தப் புகையை மூச்சிழுத்தால் குணமாகுமென்று தாய்மார்கள் தூக்கி வந்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். எல்லாரும் கைதட்டியதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கேஸைச் சுத்தம் செய்து வீணாய்ப் போன மண்ணை மூட்டை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுவந்ததையும், அதைக் கொல்லைப் பாதையில் கொட்டினால் ஒரு புல்கூட முளைக்காது என்பதையும், நம் தெருவுக்கே தான்தான் சப்ளை என்பதையும் பெருமையடித்துக்கொண்டார்.

முன்வரிசையில் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்த நகரசபைப் பெண்ணின் முகம் சட்டென்று மாறியது. எந்தத் தெரு என்று கேட்டாள்.

மறுவாரம் முகமூடி போட்ட ஆட்கள் வந்து கொல்லையைத் தோண்டினார்கள். பின்னாளில் நல்ல மண் போட்டு மூடிய பழைய பாதைக்கு அடியில், இரண்டு சாண் ஆழத்தில் மண் நீலமாக இருந்தது, ரேவின். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் மாதிரி. ஜன்னலில் நின்று பார்த்தேன். சயனைடு கலந்த கழிவாம், அதில் தாரும் இருக்கிறதாம். அங்கே விளைவதைத் தின்னக் கூடாது, குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கயிறு கட்டினார்கள். அப்பா சண்டைக்குப் போனார். நாற்பது வருடமாக இந்த உருளைக்கிழங்கைத்தானே தின்கிறோம், செத்தா போய்விட்டோம் என்று கத்தினார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஐவி வந்தாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவள், உட்காரக்கூட இல்லை.

"கிளாரி, எங்க பிரையன் விளையாடுவானே, அந்தப் பாதைக்கும் நீதானே கொண்டாந்து கொட்டினே?"

அப்பா ஆமாம் என்றார். அவள் போய்விட்டாள்.

உன்னோடு ஒன்றாம் வகுப்பில் படித்த பிரையன் ரத்தப் புற்றில் போனது உனக்கு நினைவிருக்கும். அதற்கும் இந்த மண்ணுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாராலும் சொல்ல முடியாதாம். அதை ஐவியிடம் யார் போய்ச் சொல்வது? இலவசமாக அள்ளிக்கொண்டு போங்கள் என்று அன்றைக்குச் சொன்ன ஆலை மேலாளர் எப்போதோ செத்துப்போனார். இல்லாவிட்டால் நானே அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு வரும் டோபி தவழ்வதற்கென்று அப்பா அந்தக் கொல்லையில்தான் புல் விதைத்திருந்தார். ஐவி வந்து போனதிலிருந்து அவர் யாரோடும் பேசுவதில்லை. குழந்தையோடு நீ வேறு எங்காவது தங்கலாம் என்று நேற்று நான் சொன்னதற்கு மட்டும் ஒரு பதில் வந்தது.

"வரட்டும். ஆனா இந்தக் கையால நான் அவனைத் தூக்க மாட்டேன், மெர்ல்."

எனக்குப் பயமாக இருக்கிறது. ஐம்பது வருடத்தில் அவர் இப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

நீயும் நம் கொல்லைப் பாதையில் தவழ்ந்தவள்தான். டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடு, எனக்காக. வீட்டுக்கு வர வேண்டாம், கடற்கரைப் பக்கம் அறை பார்க்கிறேன், அப்பாவை அங்கே கூட்டி வருகிறேன். ஆனால் வராமல் இருந்துவிடாதே. நீயும் பேரனும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு.

வந்ததும் அப்பாவிடம் எதையும் கேட்காதே, எந்த ஆறுதலும் சொல்லாதே. டோபியை அவர் மடியில் வைத்துவிட்டு நீ அறையை விட்டு வெளியே வந்துவிடு.

என்றும் உன்,
அம்மா