காசிக்குப் போனீங்களா, அப்பா?

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

மேலே இருந்து திட்டுவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உங்கள் பேத்தி கயல் கல்லூரியில் மண்ணையும் பாறையையும் பற்றிப் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை, காரை கிராமத்து ஓடைக்காட்டுக்குத் துணைக்குக் கூப்பிட்டாள். பெரம்பலூர்க்காரனுக்கு இது ஒரு தூரமா என்று ரப்பர் செருப்போடு கிளம்பினேன். மரமில்லை, நிழலில்லை, கண்ணுக்கெட்டியவரை மண்மேடும் பள்ளமும்தான். முதல் பள்ளத்தில் அவள் நடந்து இறங்கினாள். நான் உட்கார்ந்தபடியே இறங்கினேன். வேட்டி போச்சு.

அடியில் சுருள் சுருளாக ஒரு கல் கிடந்தது. பார்த்ததும் கை தானாகக் கும்பிட்டது. அம்மாவின் அஸ்தியைக் காசியில் கரைத்துவிட்டு நீங்கள் கொண்டுவந்தீர்களே சாளக்கிராமம், அதே கல்!

"யப்பா, யாருக்குக் கும்புடு போடுற? இங்க கடலு இருந்தப்ப வாழ்ந்த பிராணியோட ஓடுப்பா இது," என்று சிரித்தாள் கயல். "நம்ம வூட்டு சாமி மாடத்துல இருக்குறதும் இந்த ஊரு கல்லுதான்."

மேட்டிலிருந்து காவல்காரர் சத்தம் போட்டார். "அண்ணே, பாதுகாக்குற எடம்! எதையும் எடுத்துட்டுப் போயிடாதீங்க!"

"நான் எடுக்கலைங்க. எங்கப்பா எடுத்துட்டாரோன்னுதான் பாக்குறேன்."

அன்றிலிருந்து மனசு ஓயவில்லை. அரியலூரில் ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் வாந்தி எடுக்கும் நீங்கள், காசி வரை எப்படிப் போனீர்கள்? காசிக்குப் போகிறவர்கள் ஆசையாகச் சாப்பிடும் காய் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவார்கள். நீங்கள் விட்டது பாகற்காய். அதை ஒருநாளாவது வாயில் வைத்திருக்கிறீர்களா? அம்மா பிறந்ததோ கொள்ளிடக் கரை. அங்கேயே கரைத்துவிட்டு, வழியில் இந்தக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தீர்களோ? எட்டாவதோடு நின்ற என் புத்தி, இதற்கு மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது.

கல் எதுவாகவும் இருக்கட்டும் அப்பா. "என்னைய கங்கையில விட்டுடுங்க" என்று ஒன்றைத்தான் அம்மா கடைசியாகக் கேட்டாள். செய்துவிட்டோம் என்றுதானே இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தேன்? பொய் சொல்லியிருந்தாலும் உங்கள்மேல் கோபமில்லை. அம்மா எங்கே என்று தெரிந்தால் போதும்.

அண்ணனிடம் மூச்சு விடமாட்டேன். வருகிற தை அமாவாசைக்குக் கொள்ளிடத்தில் முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத்துண்டோடு அப்படியே காசிக்கு ரயில் ஏறுகிறேன். கங்கையிலும் முங்குவேன். இரண்டு தண்ணீரிலும் "அம்மா"ன்னு ஒரு சத்தம் போடுவேன். எதில் இருந்தாலும் என் குரல் அவளுக்குத் தெரியும்.

உங்களையே சந்தேகப்படும்,
உங்கள் சின்ன மகன்