மஞ்சள் வைத்த பங்குப் பத்திரம்

அக்கா,

உங்கள் மகள் போன வாரம் சிட்னியிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். உங்களுடைய பங்குப் பத்திரத்தின் படம். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. ‘ஆன்ட்டி, அம்மா இதில் குழம்பைக் கொட்டிவிட்டாள் போல, இனி இதை விற்க முடியுமா?’

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள். தலைப்பில், கம்பெனியின் பெயருக்கு மேலே, காய்ந்து பழுப்பாகிப்போன குங்குமப் பொட்டு. அளவெடுத்தாற்போல நான்கு மூலையிலும் எந்தக் குழம்பு போய் விழும்? விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவள்மேல் குற்றம் இல்லை. தமிழையே நீங்கள் அவளிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. எல்லாம் ஃபிஜி ஹிந்திதான்.

தரகரிடம் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு வேண்டுமா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க உட்கார்ந்தால் நீங்கள்தான் வந்து எதிரே உட்காருகிறீர்கள், உங்கள் மளிகைக் கடை ஸ்டூலில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு.

நீங்கள் அதை வாங்கியது, ஃபிஜியில் துப்பாக்கியோடு ஆட்கள் பாராளுமன்றத்துக்குள் நுழைந்த வருஷம். நம் நாடி ஊரில் ஹோட்டல்கள் காலி. விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் குறைந்து, ஏறுகிறவர்கள் மட்டும் வரிசையில் நின்றார்கள். தூத்துக்குடியிலிருந்து வணிகவியல் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். ஒப்பந்தம் முடியுமுன் மூட்டை கட்டலாமா என்று எங்கள் வீட்டிலும் தினமும் பேச்சுதான்.

உங்களுக்கு அதைவிடப் பெரிய அடி அதற்குச் சற்று முன்னால் விழுந்திருந்தது. உங்கள் மாமனார் காலத்திலிருந்து கரும்பு போட்ட நிலத்துக்குக் குத்தகை முடிந்தது. நிலத்துக்குச் சொந்தமான ஃபிஜியக் குடும்பத்துப் பெரியவர் தாமே கடைக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, இனி எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கிறது என்றார். நீங்கள் அவருக்கு ஒரு ஆரஞ்சு கலர் பாட்டிலைத் திறந்து கொடுத்தீர்கள். அடுத்த மாதம் அந்த நிலத்தில் இருந்த வீட்டைத் தகரம் தகரமாக, பலகை பலகையாகக் கழற்றி லாரியில் ஏற்றிக் கடைக்குப் பின்னால் கொண்டுவந்து மறுபடியும் நிறுத்தினீர்கள். ஜன்னல் ஒன்று மட்டும் கடைசிவரை சரியாக மூடவில்லை.

டிராக்டரை விற்ற காசு கையில் இருந்தது. பிள்ளைகள் இருவரும் சிட்னியிலிருந்து போன் போட்டபடி இருந்தார்கள். அந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்துவிடுங்கள், அந்த நாடு முடிந்துவிட்டது என்று பெரியவன் கத்தியது கடை வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

"நாடு எங்கடா முடியும்? லீஸ்தான் முடியும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "டீச்சர், உள்ள வா. ஒரு காயிதம் படிக்கணும்," என்றீர்கள்.

உங்கள் கடைக்கு லாரியில் கலர் போடுகிற, பியரும் காய்ச்சுகிற பெரிய பானக் கம்பெனியின் ஆண்டறிக்கை. ஊரை விட்டுப் போகிறவர்கள் அதன் பங்குகளை வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு வாங்க ஆசை.

ஊரடங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அரிசி மூட்டைமேல் அறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு படித்துச் சொன்னேன். என் தொழில் அதுதானே, பூசி மெழுகவில்லை. ஹோட்டல்கள் மூடிக் கிடக்கின்றன, விற்பனை விழுந்திருக்கிறது, இன்னும் விழும். இந்த வருஷம் ஈவுத்தொகை வராது. பேசாமல் நகை வாங்குங்கள், எங்கே போனாலும் கூட வரும் என்றேன்.

"நகை கழுத்தோட போயிடும். நான் எங்கயும் போவலையே."

பின்னால் உங்கள் வீட்டுக்காரர், மாமா, வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "கோயில்ல தீ மிதிக்கக் காப்பு கட்டறவ, பியர் கம்பெனில பங்கு வாங்கறாளாம். அம்மனுக்கு என்னா பதில் சொல்லுவ?" என்று சீண்டினார்.

"கலர் பாதி என்னுது, பியர் பாதி உன்னுது. அம்மன் உன்னைக் கேட்டுக்கட்டும்."

நானும் விடுவதாக இல்லை. "போகிறவர்கள் எல்லாரும் போய்விட்டால் யார் அக்கா குடிப்பார்கள்?" என்றேன். போகிற ஒவ்வொரு வீட்டிலும் புறப்படுவதற்கு முன்னால் ஒரு பூஜை, ஒரு விருந்து. அதற்கெல்லாம் பெட்டி பெட்டியாகக் கலர் அனுப்பிக்கொண்டிருந்தது நீங்கள்தான். கடைசி விருந்து முடிந்தால் வியாபாரமும் முடியும் என்பது என் கணக்கு.

"இருக்கறவங்க குடிப்பாங்க. நான் குடிப்பேன். அந்தப் பெரியவரு குடிப்பாரு," என்றீர்கள். பிறகு அறிக்கையை என் பக்கம் தள்ளினீர்கள். "அச்சா, அதெல்லாம் வுடு. இதுல லீஸ்னு எங்கனா போட்டிருக்கா, பாத்து சொல்லு."

"இல்லை அக்கா."

"எத்தினி வருஷத்துக்குன்னு?"

"அப்படியெல்லாம் கிடையாது. வாங்கினால் உங்களுடையதுதான். நீங்களாக விற்கும்வரை."

"வந்து திருப்பிக் குடுன்னு கேப்பாங்களா?"

"மாட்டார்கள்."

நீங்கள் மாமாவைப் பார்த்தீர்கள். அவர் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டார். உங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக இந்த மண்ணை உழுதது. அதில் ஒரு பிடிகூட உங்கள் பெயரில் இருந்ததில்லை. "வாங்கிடு," என்றார். அவ்வளவுதான்.

பத்திரம் தபாலில் வந்த அன்று வெள்ளிக்கிழமை. புது வண்டிக்கும் புதுக் கல்லாவுக்கும் வைப்பதுபோல மூலைக்கு மூலை மஞ்சள் வைத்து, பொட்டிட்டு, கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தீர்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த குருக்கள் அதை எடுத்துப் படித்துவிட்டு, எந்த நட்சத்திரம் என்று கேட்பதா வேண்டாமா என்று முழித்தார். இந்த மாதிரிக் காகிதத்தில் கறை படக்கூடாது அக்கா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "மஞ்சள் கறையா? நல்லா படிச்சே போ," என்றீர்கள்.

நான் சொன்னபடியே விலை விழுந்தது. ஈவுத்தொகையும் வரவில்லை. உங்கள் பெரியவன் போனில் என்னையும் சேர்த்துத் திட்டினான். நீங்கள் அசையவே இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று அழைப்பு வந்ததும், அரக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு தலைநகர் சுவாவுக்குப் பஸ் ஏறினீர்கள். வழி நெடுகக் குத்தகை முடிந்த வயல்களில் கரும்பு இருந்த இடத்தில் புல் நின்றது. நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். முகத்தைத் திருப்பவில்லை.

கூட்டத்தில் கோட்டுப் போட்டவர்கள் வரிசையில் முன்னால் போய் உட்கார்ந்தீர்கள். கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டதும் எழுந்தீர்கள். உடைந்த இங்கிலீஷில், ஆனால் நடுங்காத குரலில், "நாடிப் பக்கம் லாரி செவ்வாய்க்கிழமை வரணும், வெள்ளிக்கிழமைதான் வருது. நம்ம கம்பெனிக்கு நஷ்டம்," என்றீர்கள்.

நம்ம கம்பெனி. ஊரெல்லாம் இந்தியர்களைப் பார்த்து உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்த மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் எழுதிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது அக்கா. என் கூட வந்தவள் இவள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்லியும் விட்டேன்.

லாரி செவ்வாய்க்கிழமை வர ஆரம்பித்தது. விலையும் பிற்பாடு ஏறியது. வருஷா வருஷம் வந்த ஈவுத்தொகையில் தீமிதிக்குப் பிறகு பிள்ளைகளுக்கெல்லாம் கலர் வாங்கிக் கொடுத்தீர்கள். நீங்கள் கண்ணை மூடிய அன்று அந்த ஃபிஜியப் பெரியவர் தோளில் பாயைச் சுமந்துகொண்டு வந்து, உங்களுக்குக் கீழே விரித்தார். அவர் நிலத்தில் விளைந்த ஓலையில் நெய்தது.

இனி என் விஷயம். அன்று கட்டாத மூட்டையை இனிக் கட்ட வேண்டும், என் வீட்டுக்காரருடைய வேலை அடுத்த வருஷம் முடிகிறது. தூத்துக்குடியில் வீடு காத்திருக்கிறது. போகிற நேரத்தில் எதற்கு இங்கே பங்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆண்டறிக்கையை வரவழைத்துப் படித்தேன். விலை மலிவும் இல்லை, கொள்ளையும் இல்லை. வகுப்பில் கேட்டால் அவசரப்படாதே என்றுதான் சொல்லிக்கொடுப்பேன். இரண்டு நாள் முன்னும் பின்னும் புரட்டினேன். கடைசியில் பார்த்தால், நான் தேடிக்கொண்டிருந்தது லாபக் கணக்கை அல்ல. எத்தினி வருஷத்துக்கு என்று எங்காவது போட்டிருக்கிறதா என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். போடவில்லை.

உங்கள் மகளுக்குப் போன் செய்து, நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அது குழம்பு இல்லை என்பதையும் சொன்னேன். மஞ்சள் எதற்கு என்று அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு, கொஞ்சம் தனக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பாதிப் பாதி என்று முடிவாகியிருக்கிறது.

பழையதை ரத்து செய்து இரண்டு பெயரிலும் புதுப் பத்திரம் தருவார்களாம். பொதுக்கூட்டத்துக்கு வருகிறேன் என்று அவள் டிக்கெட் எடுத்துவிட்டாள். முன்வரிசைதான் அக்கா. பத்திரம் வெள்ளிக்கிழமை வந்து சேரும் என்றார்கள். மஞ்சள் வாங்கி வைத்துவிட்டேன்.