செருப்புதானே என்றேன்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், என் வயிற்றெரிச்சல் ஒன்றைத் தவிர. நீ சுகமா என்று வழக்கமாக உன்னிடம் கேட்பேன். இனி உன் சித்தியிடம்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

என் தங்கை நகராட்சித் தலைவி ஆனதிலிருந்து எனக்குப் பெயரே இல்லை, தலைவியோட அக்கா என்கிறார்கள். பால்காரர்கூட அவள் சௌக்கியத்தை விசாரித்துவிட்டுத்தான் பால் ஊற்றுகிறார். அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான், இன்று அவளைப் பார்க்க வெளியே பெஞ்சில் காத்திருக்கிறேன். பொறாமையா என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன், அதில் என்ன ஒளிவுமறைவு.

அப்பா வேலை பார்க்கும் நூல் மில்லில், ஷிஃப்ட் முடிந்ததும் விடுதிப் பெண்களின் செருப்பை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்களே, ஓடிப்போகக் கூடாதென்று. வெளிக் கேட்டுக்கும் பூட்டு. கொத்தடிமையை ஒழித்த சட்டம் இந்த ஊருக்கும் சேர்த்துத்தான் என்று சித்தி பதவிக்கு வந்த உடனே இரண்டு பூட்டையும் எடுக்கவைத்தாள். இப்போது ஆர்டர் குவிந்துவிட்டதாம், பழையபடி பூட்டிக்கொள்கிறோம், கண்டுகொள்ளாதீர்கள் என்கிறார்கள் முதலாளிகள். மறுத்தால் மில்லை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். கூட இருந்த உறுப்பினர்களே அவளைப் பதவியிலிருந்து இறக்க நாளைக்குக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். அவளோ பிடித்த பிடியை விடவில்லை. எனக்கு அப்பாவின் வேலையை நினைத்துப் பயம், அவள் இறங்கப்போவதை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ச்சியும். புத்தி சொல்லப் போனேன். ஊரையே பகைத்துக்கொள்ளாதே, செருப்புதானே என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப உன் மக பாஸ்போர்ட்டும் வெறும் காகிதம்தானேக்கா" என்றாள்.

வெளிநாட்டில் வீட்டுவேலைக்கு நீ போய்ச் சேர்ந்த அன்றே உன் முதலாளியம்மா அதை வாங்கிப் பீரோவில் பூட்டியதும், உன்னை வாசல் தாண்ட விடாததும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் எல்லாம் நல்லா இருக்கும்மா என்றே சொல்லிவந்தாய். போனில் நீ அழுததை அவள் கேட்டிருக்கிறாள், நான் கேட்கவில்லை. வரும் வழியெல்லாம் உன் முதலாளியம்மாவை விட அவள்மேல்தான் எனக்கு ஆத்திரம். பெற்றவளுக்குச் சொல்லாததை அவளுக்குச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வேறு யாரிடம் சொல்லியிருப்பாய், செருப்புதானே என்கிற என்னிடமா?

இந்தக் கடிதத்தை நேரில் தருபவர் அங்குள்ள தொழிலாளர் சங்கத்து அம்மா. சித்தி செய்த ஏற்பாடு. பாஸ்போர்ட்டை மீட்பது அவர் பொறுப்பு. அவர் கூப்பிட்டதும் கிளம்பிவிடு, துணிமணி போனால் போகட்டும். நாளைக்கு நானும் கூட்டத்துக்குப் போய் அவள் பக்கத்தில் உட்காரப்போகிறேன். அப்பாவும் வருகிறார், வேலை போனால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

எந்தக் கெடுதலும் அண்டாமல் நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ வந்து இறங்கும்போது சித்தியும் வந்து நிற்பாள், எனக்கு முன்னாலேயே நிற்பாள். நீ முதலில் என்னிடம் வா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்