மூச்சுப்பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

இன்று கடையில் ஒரு ஃப்ரேமைப் பாழாக்கினேன். மூக்குக்கண்ணாடியின் காது பிடிக்கும் பகுதியைச் சூடு காட்டி வளைப்பது நான் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இன்று நிஜமாகவே கண்ணை மூடிவிட்டேன். ஹீட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருக்கிறேன். நாற்றம் வந்து விழித்தபோது பிளாஸ்டிக் உருகித் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குச் சொந்தக்காரர், ரிட்டயரான வாத்தியார், எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "ஏதோ யோசனையில இருக்கீங்கன்னு நெனச்சேம்மா" என்றார், பாவம்.

முதலாளி திட்டவில்லை. "புதுப் பொண்ணு, தூக்கம் பத்தலை போல" என்று சொல்லிச் சிரித்தார். ஐம்பத்தொரு வயதில் புதுப் பெண்! எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். உண்மை தெரிந்தால் இன்னும் நன்றாகச் சிரிப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் ராத்திரியில் தூங்காமல் இருப்பது, இவர் காதில் என் குறட்டை விழுந்துவிடக் கூடாது என்பதற்காக.

வெறும் குறட்டை என்றால் தொலைகிறது. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. போன வருஷம் கண்டுபிடித்தார்கள். மூக்கில் மாஸ்க் மாட்டி விடிய விடியக் காற்றடிக்கிற மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். நான் அதற்கு வைத்த பெயர் மூச்சுப்பெட்டி. அது இப்போது என் சூட்கேஸில் ஸ்வெட்டருக்கு அடியில் தூங்குகிறது. அதுவாவது தூங்கட்டும்.

ஜூன் 4, புதன்

ராத்திரி ஹாலில் சோபாவில் சாய்ந்துகொண்டு 'படித்தேன்'. இவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். நான் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை என்பதைக் கவனித்திருப்பாரோ?

ஜூன் 7, சனி

கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். பிரஷர் ஏறியிருக்கிறது. காலைத் தலைவலிக்கும் அதுதான் காரணமாம். "மெஷின் வாங்கி வீட்ல வச்சா போதாது. இதயத்தோட விளையாடாதீங்க" என்றார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி நின்றேன்.

மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண் புது மாஸ்க் ஒன்று கொடுத்தாள். பழையது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும். இது மூக்கை மட்டும். "போடப் போடப் பழகிடும் மேடம்" என்றாள். தினமும் கடையில் நான் சொல்கிற அதே வசனம். இத்தனை வருஷமாக எத்தனை மூக்குகளிடம் இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்!

வரும் வழியில் அக்காவுக்குப் போன் போட்டேன். இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தவள் அவள்தான். "குறட்டைக்கு மெஷின் வச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டு எவளாவது கல்யாணம் பண்ணுவாளா? அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்" என்று அப்போது என் வாயை அடைத்தவளும் அவள்தான். இன்று கேட்கிறாள்: "இன்னுமா சொல்லலை? நல்லா இருக்குடி உன் குடித்தனம்!"

ஜூன் 8, ஞாயிறு

ஏன் சொல்லவில்லை என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

முதல் வாரமே சொல்லத்தான் இருந்தேன். சூட்கேஸைக்கூட வெளியே இழுத்து வைத்தேன். அன்றைக்குப் பார்த்து இவருடைய முதல் தாரத்து மகள் வந்தாள். கல்யாணமாகித் தனியாக இருப்பவள், நல்ல பெண். நான் பாத்திரம் தேய்க்க, அவள் துடைத்து அடுக்கினாள். அப்போது அவளாகவே அவளுடைய அம்மாவைப் பற்றிப் பேசினாள்.

"கடைசி நாள்ல அம்மா முகத்துல மாஸ்க் கட்டி மெஷின்ல வச்சிருந்தாங்க. அப்பா பக்கத்தை விட்டு நகரலை. இப்பவும் டிவில ஆஸ்பத்திரி சீன் வந்தா எழுந்து போயிடுவார். நீங்க தெரிஞ்சு வச்சுக்கணும்னுதான் சொல்றேன் ஆன்ட்டி."

அவள் போனதும் சூட்கேஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வேறு என்ன செய்ய? ராத்திரி விளக்கை அணைத்ததும் அந்த மனுஷன் பக்கத்தில் அதே மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் படுப்பேன்?

ஜூன் 12, வியாழன்

இவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கோ மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வர, சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். எனக்கு அரைநாள் லீவு. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பெட்டியை எடுத்தேன்.

வாரை இறுக்கினால் மூக்குத்தண்டு வலிக்கிறது. தளர்த்தினால் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணுக்குள் அடிக்கிறது. வாயைத் திறந்தால் காற்றெல்லாம் வாய் வழியே ஓடித் தொண்டை காய்ந்துபோகிறது. புரண்டால் குழாய் கழுத்தைச் சுற்றுகிறது. ஒரு நிமிஷம் மூச்சை வெளியே விடவே முடியவில்லை. அவ்வளவுதான், செத்தோம் என்று பிய்த்து எறிந்தேன். மூச்சு நிற்கக் கூடாது என்று கொடுத்த சாமான்!

சாயங்காலம் இவர் என் முகத்தையே பார்த்தார். "மூக்குல என்ன தழும்பு?"

"கடையில புது ஃப்ரேம் வந்திருக்கு. போட்டுப் பார்த்தேன்."

"ரொம்ப இறுக்கம். யாருக்கும் வித்துடாதீங்க" என்றார். பொய்க்கு மட்டும் எனக்கு எங்கிருந்துதான் வாய் வருகிறதோ.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தார். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் மாதிரி சுவரைப் பார்த்தே பேசினார்.

"என்னோட இருக்கப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். இந்த வயசுல ஒருத்தரை ஒருத்தர் கட்டாயப்படுத்திக்க வேண்டாம். உங்க அக்கா வீட்டுக்குப் போகணும்னாலும், நானே கொண்டுபோய் விடுறேன்."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாமலா ராத்திரி பூரா சோபாவுல உட்கார்ந்திருக்கீங்க?"

தலைவலி, தூக்கம் வருவதில்லை என்று ஏதோ பூசி மெழுகினேன். நம்பவில்லை. கப்பைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு இவரை எவ்வளவு பிடிக்கும்! கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள் நான். நான் செருப்பு மாட்டி முடிக்கிற வரை லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதிலேயே விழுந்துவிட்டேன். அந்த மனுஷனைப் பிடிக்கலைன்னு நினைக்க வச்சிருக்கேனே, நான் என்ன ஜென்மம்? நாளைக்குச் சொல்லிடணும். என்ன ஆனாலும் ஆகட்டும்.

ஜூன் 16, திங்கள்

சொல்லிட்டேன்.

சூட்கேஸை இழுத்து, பெட்டி, குழாய், மாஸ்க் எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பினேன். வியாதியையும் சொன்னேன், மறைத்ததையும் சொன்னேன், மகள் சொன்னதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மோட்டார் எங்கே, ஃபில்டர் மாற்ற வேண்டுமா என்று மெக்கானிக் கேள்வியெல்லாம் கேட்டார். அப்பாடா என்று இருந்தது. பிறகு, "மாட்டிக் காட்டுங்க" என்றார்.

மாட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துபோய், செருப்புகூடப் போடாமல், வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

ரொம்ப நேரம் கழித்து வந்தார். "உங்க மேல கோபம் இல்ல. அது வேற, இது வேறன்னு புத்திக்குத் தெரியுது. பார்க்கத்தான் முடியலை. நீங்க கண்டிப்பா மாட்டிக்கணும், உடம்புதான் முக்கியம். நான் ஹால்ல படுத்துக்கிறேன்."

மடக்குக் கட்டிலை ஹாலில் விரித்துக்கொண்டார். பெட்டி கட்டிலடியிலிருந்து மேலே வந்தது, புருஷன் அறைக்கு வெளியே போய்விட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

சரியாகத் தூங்கவில்லை. இந்தத் தடவை மாஸ்க்மேல் பழி போட முடியாது.

ஜூன் 21, சனி

மகள் போன் செய்தாள். "நான் அவ்வளவு சொல்லியும்… கல்யாணத்துக்கு முன்னாடியே நீங்க சொல்லியிருக்கணும் ஆன்ட்டி. அப்பா குரலே சரியில்லை." அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதனாலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன, வேணும்னேவா மூச்சை நிறுத்துறேன்?

அதைவிடக் கொடுமை, இவ்வளவு கலாட்டா செய்து மாட்டுகிற மாஸ்க் விடிந்தால் முகத்தில் இருப்பதில்லை. ஒருநாள் தலையணைக்கு அடியில், ஒருநாள் தரையில். தூக்கத்தில் நானே பிய்த்துவிடுகிறேன். மெஷின் பெண்ணிடம் கேட்டால், பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகச் சொல்கிறாள். டிவி ஹாலில் இருக்கிறது. ஹாலில் அவர் இருக்கிறார்.

ஜூன் 28, சனி

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனக்காரர்கள் மாதிரி இருக்கிறோம். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "கதவைப் பூட்டிட்டீங்களா?" "பூட்டிட்டேன்." அவர் கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, என்னைவிட மோசமாக. என்னால்தான்.

அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாமா? போனால் திரும்பி வருவேனா? திங்கட்கிழமை போவதாக அவளிடம் சொல்லிவிட்டேன். சூட்கேஸ் மறுபடி நிரம்புகிறது.

ஜூன் 30, திங்கள்

போகவில்லை.

நேற்று ராத்திரி தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். "ஏய்! எந்திரி! எந்திரி!" கண்ணைத் திறந்தால் இவர். 'நீங்க, வாங்க' எல்லாம் பறந்துவிட்டது. மாஸ்க் என் கையில் இருந்தது. நான் பிய்த்ததும் கொஞ்ச நேரம் சீறிவிட்டுப் பெட்டி தானாகவே நின்றிருக்கிறது.

"என்னங்க ஆச்சு?"

"சத்தம் நின்னுடுச்சு" என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஆஸ்பத்திரியில அவ மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் அவ இருக்கான்னு அர்த்தம். கடைசி நாள், டீ குடிச்சிட்டு வாங்கன்னு நர்ஸ்தான் அனுப்பினாங்க. திரும்பி வந்து கதவைத் தொறந்தா சத்தம் இல்ல. முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு."

இது அவர் மகளுக்குத் தெரியாது. மாஸ்க்தான் பயம் என்று அவள் நினைத்தாள், நானும் நினைத்தேன். ஏன், இவரே அப்படித்தான் நினைத்தாராம். ஹாலில் படுத்த முதல் ராத்திரி பெட்டி ஓடுகிற சத்தம் கேட்டதும் மனசு அடங்கிப்போனதாம். பிறகு அது பாதியில் நின்றிருக்கிறது. அன்றிலிருந்து தினமும், நான் மாஸ்க்கைப் பிய்க்கிறபோதெல்லாம் எழுந்து வந்து கதவோரம் நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து குறட்டை கேட்டால், சரி, இருக்கிறாள் என்று போய்ப் படுப்பாராம். தூங்குவதெங்கே?

"இன்னிக்குக் குறட்டையும் கேக்கலை" என்றார்.

எந்தக் குறட்டைக்குப் பயந்து நான் சோபாவில் தவம் கிடந்தேனோ, அதைக் கேட்கத்தான் இந்த மனுஷன் இருட்டில் வந்து நின்றிருக்கிறார். அழுதுவிட்டேன்.

"அழாதீங்க, மூக்கடைச்சுக்கும். மறுபடி மாட்டணும்ல" என்றார். மாட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 1, செவ்வாய்

அக்காவிடம் வரவில்லை என்று சொன்னேன். "என்னடி, புருஷன் விடலையா?" என்றாள் கிண்டலாக. ஆமாம் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

மடக்குக் கட்டில் இப்போது அறைக்குள், கதவுப் பக்கம். என்னைப் பார்க்காமல்தான் படுக்கிறார். நேற்று சாயங்காலம் மாஸ்க்கோடு ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். பக்கத்தில் இருந்தார், கண் டிவியை விட்டு நகரவில்லை. "இடது பக்கம் கசியுது" என்றார் திடீரென்று. கேட்டே கண்டுபிடித்திருக்கிறார். அந்தப் பக்கத்து வாரை ஒரு பிடி இழுத்ததும் நின்றது.

ஆனால் ராத்திரி மறுபடி பிய்த்தேன். மறுபடி ஓடிவந்து நின்றார். இன்றைக்குக் காலையில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அவருடைய வேலை லிஃப்ட் குழிக்கு மேலே நின்று செய்கிற வேலை. தூக்கக் கலக்கத்தில் கால் பிசகினால்? நான் ஃப்ரேமைத்தான் உருக்கினேன். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா? எனக்காகப் பழகாவிட்டாலும் இதற்காகவாவது பழகித் தொலைக்க வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று ராத்திரி, விரலுக்கு மாஸ்க் கொக்கி அகப்படாமல் இருக்கட்டும் என்று கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு படுத்தேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். மாஸ்க், குழாய், கையுறை. "எங்க, நிலாவுக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ள மறந்துவிட்டார்.

கையுறையோடும் பிய்த்துவிட்டேன். ஆனால் ஒரே ஒரு தடவை.

ஜூலை 19, சனி

நேற்று இரண்டு தடவை. மூக்குத்தண்டில் தோல் உரிந்து எரிகிறது. எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போடலாம் என்று வருகிறது. இருமல் வேறு. இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 24, வியாழன்

வெளிச்சம் வந்துதான் விழித்தேன். மூக்கில் என்னவோ அழுத்துகிறதே என்று கையை வைத்தால், மாஸ்க். இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

மடக்குக் கட்டிலில் இவர் மல்லாந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். அலாரம் அடித்து ஓய்ந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியவில்லை. கம்பெனியிலிருந்து அவருடைய போனுக்கு ஓயாமல் அழைக்கிறார்கள். அசையவில்லை. முதல் ஷிஃப்ட் போயே போச்சு.

மாஸ்க்கைக் கழற்றாமலே இதை எழுதுகிறேன். போன் மறுபடி அடிக்கிறது. இவரை எழுப்ப வேண்டுமென்றால் நான் பெட்டியை நிறுத்தினாலே போதும், அலறிக்கொண்டு எழுந்துவிடுவார். அடிக்கட்டும் போன்.